லோங்காங் பார்க்கப் போனவன்

மழை வந்தால் ஊர் வீட்டுக்குள் ஓடும்; நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் குடியிருந்த எல்லாருக்கும் இது தெரியும். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை, வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து. அப்படிப்பட்ட மனுஷன் கொட்டுகிற மழையில் சராயை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தெருவோர வாய்க்காலை எட்டிப் பார்த்தபடி நின்றால் ஊர் சும்மா இருக்குமா? மழைத்தண்ணீர் ஓடுகிற அந்த வாய்க்காலை மலாய்க்காரர்கள் லோங்காங் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு 'லோங்காங் கிராணி' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலியோரமாக நின்று, என் காதில் விழும்படியாகவே சொல்லுவாள்: "ஊரு உலகத்துல ஆம்பளைங்க பயாஸ்கோப்பு பாக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரரு லோங்காங் பாக்கப் போறாரு. டிக்கெட்டு இல்ல, அது ஒண்ணுதான் லாபம்."

எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்ற பெருமை. அதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது கோலாலம்பூரில் ஆறு கரை தாண்டிக் கடைத்தெருவுக்குள் வந்த அந்தப் பெருவெள்ளத்தில். தெருவில் சம்பான் படகு போனது. எல்லாரும் தண்ணீர் வந்த கதையையே வாய் ஓயாமல் பேசினார்கள். எந்தக் கடையில் எத்தனை மூட்டை அரிசி நனைந்தது, யார் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று. தண்ணீர் எப்படிப் போனது என்று ஒருவரும் பேசவில்லை. நான் அதை ஆபீஸ் படிக்கட்டில் நின்று பார்த்தேன். ஆறு இறங்கத் தொடங்கியதும் தெருவோரத்தில் ஒரு சுழி விழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மண்ணுக்குள் கிடந்த லோங்காங்குகள் ஒவ்வொன்றாக விழித்து, நின்ற தண்ணீரை இழுக்க ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் தெரு தெரிந்தது. எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இவற்றின் மேலே வெற்றிலை துப்பிக்கொண்டு நடந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அன்று முதல் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கத் தெரிந்தவனுக்கு லோங்காங்கில் எவ்வளவோ இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடியதன் அடியில், நடுவாக, ஒரு கையகலத்துக்குச் சின்ன வாய்க்கால் ஒன்று வளைத்து வைத்திருந்தார்கள். வெயில் நாளில் வருகிற கொஞ்சத் தண்ணீர் அந்தச் சின்ன வழியிலேயே சுறுசுறுப்பாக ஓடிவிடும், தேங்கி நாறாது. பெரிய மழை வந்தால் மட்டும் முழு வாய்க்காலும் வேலைக்கு வரும். சின்னத் தண்ணீருக்குச் சின்ன வழி, பெரிய தண்ணீருக்குப் பெரிய வழி. இதை யோசித்தவன் கெட்டிக்காரன் என்று தோன்றும். ரயில் பாதை மேட்டிலிருந்து இறங்கும் லோங்காங்கைப் படிப்படியாகக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வேகமாக இறங்கிக் கீழே மண்ணை அரிக்காமல், ஒவ்வொரு படியிலும் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் அடுத்த படிக்குப் போகும். செங்கல்லை முனை முனையாகச் சீவி வளைவு கட்டிய ஒரு திருப்பம் இருந்தது. எந்தக் கொத்தனார் கட்டினாரோ, அதன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் மோதித் தெறிக்காது. மழையில் நின்று அந்தத் திருப்பத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

கையில் ஒரு பிரம்பு வைத்திருப்பேன். அதில் அங்குலத்துக்கு ஒரு கோடு கத்தியால் கீறியிருந்தேன். தண்ணீரில் விட்டு ஆழம் பார்க்க.

என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் என் அக்கா. கிள்ளானில் இருந்தாள். மச்சானுக்கு அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை. ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் பலகை வீடு. வீட்டுக்கு முன்னால் மார்பளவு ஆழத்தில் ஒரு லோங்காங் ஓடி ஆற்றில் கலக்கும். கலக்கிற இடத்தில், மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட ஓர் இரும்புக் கதவு. கிள்ளானில் ஆறு சும்மா ஆறு இல்லை; கடல் ஏறும்போது அதுவும் ஏறும். ஏறுகிற தண்ணீர் தள்ளினால் கதவு சாத்திக்கொள்ளும், ஆறு லோங்காங்குக்குள் புக முடியாது. ஆறு இறங்கினால் உள்ளே சேர்ந்த தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். பூட்ட ஆள் இல்லை, திறக்க ஆள் இல்லை. முதல் முறை அதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்காராமல் அக்காவிடம் அரை மணி நேரம் அதையே பேசினேன்.

"நான் தினம் பாக்கறதுதானே" என்றாள். "சாத்தும்போது டொப்புனு ஒரு சத்தம் வரும். அத வச்சுத்தான் நான் உல வைக்கிறதே."

அதற்கப்புறம் அவளும் எனக்காகப் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு எதிரே லோங்காங்கின் சுவரில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு அடுப்புக்கரியால் கோடு போடுவாள். மாதம் ஒரு கடிதம் வரும். மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து. 'நலம். நேற்று அமாவாசை. காலையில் கதவு வெகுநேரம் சாத்தி இருந்தது. மழை இல்லாமலே தண்ணீர் ஆறாவது செங்கல் வரை நின்றது. கோழி இரண்டு செத்துவிட்டது. நீ சரியாகச் சாப்பிடு.' எல்லாக் கடிதத்திலும் திதி இருக்கும். நான் திதியைத் தாண்டிச் செங்கல் கணக்கை மட்டும் படிப்பேன். நான் ஞாயிற்றுக்கிழமைகளால் வாழ்ந்தவன். ரயில்வே பாஸ் இருந்ததால் லீவு கிடைத்தால் கிள்ளானுக்கு ரயிலேறுவேன். அவள் அமாவாசை பௌர்ணமியால் வாழ்ந்தவள். அவள் எழுதியதில் முக்கியமானது எது என்று எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கு நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்காவுக்கு ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கும் என் மனைவிக்கும் அவள்தான் பெண். பந்திங்கில் ஒரு தோட்டத்துக் கிராணியின் மகனுக்குப் பேசி முடித்தார்கள். வைகாசி மாதம், வளர்பிறை முகூர்த்தம். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் தாலி கட்ட வேண்டும். பந்தக்கால் நட நான் போனேன். பந்தலுக்கு முதல் கால் நடுவது தாய்மாமன் உரிமை. பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி நட்டுவிட்டால், கல்யாணம் முடிகிறவரை அந்தக் காலைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாது.

பந்தல் போட இரண்டு இடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மேடு. ஆனால் குறுகலான இடம், கோழிக்கூண்டு வேறு. முன்னால் சந்து ஓரமாக, லோங்காங் பக்கத்தில், விசாலமான தரை. லோங்காங் மேலே பலகை பரப்பிவிட்டால் நூறு பேர் உட்காரலாம். மச்சானுக்கு முன்பக்கம்தான் ஆசை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது பந்தல் கண்ணில் பட வேண்டும். அக்கா கையில் பால் சொம்போடு வந்து சொன்னாள்:

"முன்னால வேணாங்க. கல்யாணத்துக்கு மறுநாளு பௌர்ணமி. விடியக்காலம் கதவு சாத்திக்கும். அந்த நேரம் பாத்து மழ புடிச்சா தண்ணிக்கு எங்க போக்கு?"

மச்சான் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பந்தல் போட வந்த ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க மாப்ள. லோங்காங்குல உங்கள விட யாரு இருக்கா?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை வருஷம் கேலிதான் கேட்டிருந்தேன். முதல் தடவையாக நாலு பேர் என் வாயைப் பார்த்து நின்றார்கள். பிரம்பை எடுத்து லோங்காங்கில் இறக்கினேன். அகலம் பார்த்தேன், ஆழம் பார்த்தேன், சரிவை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மத்தியான நேரம், கதவு திறந்திருந்தது, தண்ணீர் சலசலவென்று ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. என் கண் அங்கே பழகிய கண்.

"ஒரு மணி நேர மழைய இது கால் மணி நேரத்துல குடிச்சிரும்" என்றேன். "தைரியமா போடுங்க."

"கதவு சாத்தியிருந்தா?" என்றாள் அக்கா.

"கதவு தொறக்கறதும் சாத்தறதும் எனக்கு நீ சொல்லித் தரணுமாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பால் சொம்பை என்னிடம் நீட்டினாள். நான் லோங்காங் ஓரத்தில் பந்தக்காலை நட்டேன். என் கையாலேயே மண்ணை மிதித்து இறுக்கினேன் என்று எழுத வந்தேன், காலால்தான் மிதித்தேன். அவள் பேச்சையும் அப்படித்தான் மிதித்தேன்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் எழும்பின. இந்தக் கரையில் அந்த மாதங்களில் அது வழக்கம்தான். விடிகாலையில் அடித்துவிட்டு, எட்டு மணிக்கு ஒன்றும் தெரியாத மாதிரி வெயில் காயும். பந்தலின் அத்தாப்பு ஓலைக் கூரை நன்றாகத் தாங்கியது. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லாரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாதஸ்வரச் சத்தத்தில் கதவு சாத்திய 'டொப்' யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கலாம். பலகைக்கு அடியில் தண்ணீர் ஏறியதும் தெரியவில்லை. பலகை இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நான் நிழல் என்று நினைத்தேன். அப்புறம் பாய் மிதந்தது.

அதற்குப் பின் நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல விரும்பவில்லை. கோட்டை அடுப்பில் தண்ணீர் புகுந்து சோறு பாதி வெந்தும் வேகாமலும் நின்றது. ஹோம குண்டத்தை இரண்டு பேர் ஒரு பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார்கள். நெருப்பு அணையாமல் ஒருவர் விசிறிக்கொண்டே இருந்தார். முகூர்த்தம் தவறக் கூடாதே என்று, கணுக்கால் அளவு லோங்காங் தண்ணீரில் நின்றபடி மாப்பிள்ளை தாலி கட்டினான். பெண்ணின் கூறைப்புடவைக் கரை ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. அவள் அழவில்லை. புடவையைத் தூக்கிப் பிடிக்கக்கூட இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா சபை நடுவில் கேட்டாள்: "எந்தப் புத்தி கெட்டவங்க இந்த எடத்துல பந்தல் போடச் சொன்னது?"

மச்சான் என்னைப் பார்த்தார். பந்தல் போட்ட ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். என் மனைவிகூட என்னைப் பார்த்தாள். நான் பந்தக்காலைப் பார்த்தேன். அதன் மஞ்சள் துணி நனைந்து ஒட்டிக் கிடந்தது. வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் மாதிரி நின்றேன்.

"நான்தாங்க சம்பந்தியம்மா" என்றாள் அக்கா. "பெருசா இருக்கும்னு ஆசப்பட்டேன். இவங்க எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க."

அவ்வளவுதான். ஒரே ஒரு நொடி நான் வாய் திறந்திருந்தால் போதும். 'இல்லை, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. மச்சான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கலாம். சபையில் தாய்மாமன் தலை குனிந்தால் அது பெண்ணுக்கு இழுக்கு என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எனக்குப் பயம். லோங்காங் கிராணிக்கு லோங்காங் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். எட்டு மணிக்கு ஆறு இறங்கியது, கதவு திறந்தது, கால் மணி நேரத்தில் பந்தலில் ஒரு சொட்டு இல்லாமல் தண்ணீர் வடிந்துவிட்டது. நான் சொன்ன கணக்கு அதில் மட்டும் சரியாக இருந்தது.

பந்திங் சம்பந்தியம்மாள் அதை விடவில்லை. மழை பெய்தால் போதும், 'சாக்கடைத் தண்ணியில நின்னு தாலி வாங்கிட்டு வந்தவ' என்று ஆரம்பித்துவிடுவாளாம். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டாள். "அந்தம்மா இருக்கற லட்சணத்துக்கு என் பேரன் அங்க பொறக்க வேணாம்" என்றாளாம். அக்கா அதற்காக ஒரு வருஷமாகத் தைத்து வைத்திருந்த சின்னத் துணிகளை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பேப்பரைப் புரட்டினேன்.

பந்திங் என்ன காசிக்கு அந்தப் பக்கமா இருக்கிறது? கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து பஸ். போய் அந்தம்மாள் முன்னால் நின்று, 'என் அக்கா வேண்டாம் என்றாள், நான்தான் நட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு போகலாம் என்று நினைப்பேன். ஞாயிறு வரும், போகும். இரண்டாவது பிரசவமும் பந்திங்கிலேயே நடந்தது.

லோங்காங் பார்ப்பதை அந்தக் கல்யாண நாளோடு விட்டுவிட்டேன். சபதம் எதுவும் செய்யவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மழை வந்தால் ஜன்னலைச் சாத்தினேன். முதல் தடவை என் மனைவி குடையை எடுத்துக் கொண்டுவந்து, "போகலியா?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை. வேலியோரக் கேலியும் நின்றுபோனது. கோடு கீறிய பிரம்பு கொடியில் துணி எடுக்கிற கம்பாயிற்று.

அக்காவின் கடிதம் மட்டும் நிற்கவில்லை. மாதம் ஒன்று. 'நலம். நேற்றுப் பௌர்ணமி. நாலாவது செங்கல். கதவுக் கீலில் துரு பிடித்ததை வந்து மாற்றிவிட்டுப் போனார்கள். இப்போது சத்தம் சின்னதாக வருகிறது. அங்கே உன் லோங்காங் எல்லாம் எப்படி ஓடுகிறது?' கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நான் உட்கார்ந்து பதில் எழுதுவேன். ரயில் மேட்டுப் படி லோங்காங்கை நேற்று மழையில் பார்த்தேன், அருமையாக ஓடியது, புதிதாக ஒரு மதகு கட்டுகிறார்கள், அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம். எல்லாம் பொய். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதிய பொய். உண்மையை எழுதினால் ஏன் விட்டாய் என்று கேட்பாளே.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அக்கா போய்விட்டாள். காய்ச்சல், நாலே நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நானும் அவள் மகளும் வாசலில் நின்றோம். எதிரே லோங்காங் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. சில கோடுகள் பழசு, பாதி அழிந்தவை. மேலே ஒன்று புதிது. அவள் உயிரோடு இருந்தபோது வராத வார்த்தை அப்போது வந்தது.

"அம்மாடி, ஒன் கல்யாணத்துல பந்தல அங்க போடச் சொன்னது ஒங்கம்மா இல்ல. நான்தான்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் மாமா. கல்யாணத்தன்னிக்கே தெரியும். புடவை மாத்தும்போது அம்மா சொல்லிட்டாங்க."

"பின்ன ஏம்மா? அந்தம்மா அத்தன பேச்சு பேசும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க மாமா. வெளியில சொல்லக் கூடாதுன்னு. ஒங்ககிட்ட தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாதுன்னு." கரிக்கோடுகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "'ஒனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் லோங்காங் பாக்கப் போறத விட்டுடுவான்டி. புள்ள குட்டி இல்லாதவன். அவனுக்கு வேற என்ன இருக்கு'ன்னாங்க."

ஏழு வருஷம். இரண்டு பேரக்குழந்தைகள் அவள் மடியில் பிறக்காமல் போனார்கள். அத்தனையும் எதற்காக என்று தெரியாமல், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க கடுதாசி வந்தா அன்னிக்குப் பூரா சந்தோஷமா இருப்பாங்களாம், அப்பா சொன்னாரு" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இப்பவும் லோங்காங் பாக்கப் போறீங்கதானே மாமா?"

"போறேம்மா" என்றேன்.